டெமோ கார் வாங்கும் முன்: டயரின் தேய்மானம் சொல்வது என்ன?

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு நாளில், பெங்களூருவில் உள்ள எங்கள் கிளைக்கு நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். மென்பொருள் துறையில் இருபது ஆண்டுகள் உழைத்தவர். வீட்டுக்கடனை முந்தைய ஆண்டுதான் முடித்திருந்தார். கல்லூரி நாள்களிலிருந்தே மனத்தில் இருந்த ஓர் ஆசையை இனி நிறைவேற்றிக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தார். இரண்டு கதவுகளும் பின்சக்கர இயக்கமும் கொண்ட ஒரு ஸ்போர்ட்ஸ் கார்தான் அந்த ஆசை.

மும்பையில் ஒரு டீலரிடம், வாடிக்கையாளர்களுக்கு ஓட்டிக்காட்டப் பயன்படுத்திய டெமோ கார் விற்பனைக்கு வந்திருந்தது. பதிவாகிப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. ஓடியிருந்த தூரம் 7,400 கி.மீ. புதிய காரின் ஷோரூம் விலை 68 லட்சம் ரூபாய். இந்தக் காருக்குக் கேட்கப்பட்ட விலை 54 லட்சம். மாத இறுதிக்குள் முடித்தால் மட்டுமே அந்த விலை என்று டீலர் கூறியிருந்தார். எங்கள் வாடிக்கையாளர் 40 லட்சம் கடன் கேட்டார். கார் கைக்கு வந்ததும் மும்பையிலிருந்து புணே, கோலாப்பூர், ஹுப்பள்ளி வழியாகத் தாமே ஓட்டிவருவதாகவும் திட்டம்.

அவர் காட்டிய படங்களில் ஒன்று எங்கள் கண்ணில் பட்டது. இடப்பக்கப் பின்டயரின் உள்விளிம்பு ஏறத்தாழ வழுவழுப்பாக இருந்தது. வெளிவிளிம்போ புதிது போலவே இருந்தது. அதைச் சுட்டிக்காட்டியபோது அவர் சிரித்தார்: “ஸ்போர்ட்ஸ் கார் என்றால் டயர் இப்படித்தான் தேயுமாம். டயர்தானே, மாற்றிக்கொண்டால் போயிற்று.”

அந்தக் கேள்விக்கான விடையே இக்கட்டுரை. டயரை மாற்றிவிடலாம். ஆனால் டயரை அப்படித் தேய்த்த காரணம், டயரோடு சேர்ந்து மாறிவிடுவதில்லை.

டெமோ கார் எத்தகையது?

டெமோ கார் பெரும்பாலும் டீலரின் பெயரிலேயே பதிவு செய்யப்பட்டிருக்கும். ஆகவே அதை வாங்குபவர் பதிவுச் சான்றிதழின்படி இரண்டாம் உரிமையாளர் ஆகிறார். ஓடிய தூரம் எவ்வளவு குறைவாயினும், சட்டத்தின் பார்வையிலும் வங்கியின் பார்வையிலும் அது பொதுவாகப் பயன்படுத்திய வாகனமே.

டெமோ காருக்கு நன்மைகள் உண்டு. டீலரின் சொந்தப் பணிமனையிலேயே பராமரிக்கப்பட்டிருக்கும். உயர்ந்த வசதிகள் கொண்ட மாடலையே டெமோவுக்கு வைப்பது வழக்கம். வாகனத்தின் வரலாறு ஒரே இடத்தில் கிடைக்கும்.

ஆனால் அந்த 7,400 கி.மீ. எத்தகைய கி.மீ. என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். ஒரு குடும்பக் காரை ஒருவரோ இருவரோ பழகிப் பழகி ஓட்டுகிறார்கள். டெமோ காரை நூற்றுக்கணக்கானோர் முதன்முறையாக ஓட்டியிருப்பார்கள். அதிலும் ஸ்போர்ட்ஸ் காரில் அமர்பவர் அதன் வேகத்தையும் பிரேக்கையும் சோதித்துப் பார்க்கவே அமர்கிறார். எஞ்சின் சூடாகும் முன்பே முழு வேகம், திடீர் பிரேக், வளைவில் அழுத்தம், அகலமான காரின் அளவு பிடிபடாமல் நடைபாதை விளிம்பில் இடித்தல் ஆகிய யாவும் நிகழக்கூடியவை. ஓடோமீட்டர் தூரத்தை மட்டுமே சொல்லும். ஓட்டிய விதத்தை டயர் சொல்லும்.

டயரின் மொழி

டயரின் மேல் உள்ள வரிப்பள்ளங்களைப் பேச்சு வழக்கில் ‘பட்டன்’ என்கிறோம். புதிய கார் டயரில் இதன் ஆழம் பெரும்பாலும் 7 முதல் 8 மி.மீ. வரை இருக்கும். 1.6 மி.மீ. அளவுக்குத் தேய்ந்தால் டயரை மாற்றியாக வேண்டும். அதைக் காட்டுவதற்காகவே பள்ளங்களின் அடியில் சிறு மேடுகள் அமைக்கப்பட்டிருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது ஒரு செய்தி. எங்கே தேய்ந்திருக்கிறது என்பது அதைவிட முக்கியமான செய்தி.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால், காற்று அளவுக்கு மிகுதியாக அடிக்கப்பட்டிருக்கலாம். இரு விளிம்புகளும் தேய்ந்து நடுப்பகுதி மீந்திருந்தால், குறைந்த காற்றில் ஓடியிருக்கலாம். சுற்றளவில் ஆங்காங்கே குழிகள் விழுந்திருந்தால், ஷாக் அப்சார்பரையோ சக்கரத்தின் சமநிலையையோ ஐயுற வேண்டும். ஒரே இடத்தில் தட்டையாகியிருந்தால், கடும் பிரேக் காரணமாகலாம். ஷோரூமில் நெடுங்காலம் அசையாமல் நின்றதும் காரணமாகலாம்.

ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் கோணத்தைப் பார்க்க வேண்டும். இதில் இரண்டு சொற்களை அறிந்துகொள்வது நல்லது. காரை முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் மேற்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு ‘கேம்பர்’. மேலிருந்து பார்ப்பதாகக் கொண்டால், சக்கரத்தின் முன்பகுதி உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு ‘டோ’. மேற்பகுதி உள்ளே சாய்ந்தால் உள்விளிம்பு தேயும். கேம்பர் மட்டும் சற்று மிகுந்தால் தேய்மானம் மெல்ல நிகழும். டோவும் சேர்ந்து பிசகினால் சில ஆயிரம் கி.மீ.க்குள்ளேயே விளிம்பு கரைந்துவிடும். டோ பிசகியதற்கு மற்றோர் அடையாளமும் உண்டு. உள்ளங்கையால் டயரின் மேல் ஒரு திசையில் தடவினால் வழவழப்பாகவும், எதிர்த்திசையில் தடவினால் ரம்பப் பல் போலவும் தட்டுப்படும்.

டீலர் கூறியதில் உண்மை இல்லாமல் இல்லை. வளைவுகளில் பிடிப்பு மிகுவதற்காகப் பல ஸ்போர்ட்ஸ் கார்களில் சக்கரங்களைத் தொழிற்சாலையிலேயே உள்நோக்கிச் சற்றுச் சாய்த்து அமைக்கிறார்கள். ஆகவே உள்விளிம்பு சற்று மிகுதியாகத் தேய்வது இயல்பு. பின்சக்கர இயக்கம் உள்ள காரில் பின்டயர்கள் விரைந்து தேய்வதும் இயல்பு. மேலும், இவ்வகைக் கார்கள் பலவற்றில் பின்டயர் முன்டயரைவிட அகலமாக இருக்கும். எனவே சாதாரணக் கார்களில் செய்வதுபோல் டயர்களை முன்பின்னாக மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்யவும் இயலாது.

ஆனால் இயல்பான தேய்மானத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு. அது இருபுறமும் ஒத்திருக்கும். வலப்பக்க டயர் எப்படித் தேய்ந்ததோ, ஏறத்தாழ அப்படியே இடப்பக்க டயரும் தேய்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாறுபட்டால், அதற்கு ‘ஸ்போர்ட்ஸ் கார்’ என்பது விடையாகாது. அந்தச் சக்கரத்துக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது.

பன்னிரண்டு எண்கள்

உள்விளிம்புத் தேய்மானத்தில் உள்ள ஆபத்து, அது கண்ணுக்கு எளிதில் தென்படாது என்பதே. முன்சக்கரத்தை ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்துவிடலாம். பின்சக்கரத்தின் உள்விளிம்பைப் பார்க்கக் காரை லிஃப்டில் ஏற்ற வேண்டும். வெளியிலிருந்து எடுத்த படங்களில் டயர் புதிது போலவே தோன்றும். எங்கள் வாடிக்கையாளருக்கு வந்த படங்களுள் ஒன்று தற்செயலாகத் தாழ்ந்த கோணத்தில் எடுக்கப்பட்டிருந்ததால்தான் நாங்கள் அதைக் காண நேர்ந்தது.

ஆகவே நாங்கள் அவருக்குக் கூறிய முதல் அறிவுரை இது: டீலருக்குச் சம்பந்தமில்லாத ஒரு பணிமனையில் காரை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். நான்கு டயர்களிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு ஆகிய மூன்று இடங்களில் பட்டன் ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். மொத்தம் பன்னிரண்டு எண்கள். அவற்றை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது, டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்பு எண். முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 1823 என்றிருந்தால் 2023ஆம் ஆண்டின் 18ஆம் வாரத்தில் தயாரானது என்று பொருள். நான்கு டயர்களும் ஏறத்தாழ ஒரே காலத்தவையாகவும், காரின் தயாரிப்பு மாதத்துக்குச் சற்று முந்தியவையாகவும் இருப்பதே இயல்பு. சில ஆயிரம் கி.மீ. மட்டுமே ஓடிய காரில் ஒரு டயர் மட்டும் பிந்தைய தேதியுடன் இருந்தால், அது ஏன் மாற்றப்பட்டது என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது, கணினி முறையில் எடுத்த வீல் அலைன்மென்ட் அறிக்கை. ஒவ்வொரு சக்கரத்தின் கேம்பரும் டோவும் தயாரிப்பாளர் வகுத்த எல்லைக்குள் உள்ளனவா என்பதை அது எண்களால் காட்டும். எல்லைக்கு வெளியே இருப்பது சரிசெய்யக்கூடிய பிசகா, வளைந்துபோன சஸ்பென்ஷன் பாகத்தின் விளைவா என்பதைப் பணிமனையாளர் கூற இயலும்.

நான்காவது, காரின் கணினிப் பதிவு. போர்ஷே போன்ற சில நிறுவனங்களின் கார்களில், எஞ்சின் தன் எல்லையை மீறிச் சுழன்ற நிகழ்வுகள்கூடப் பதிவாகியிருக்கும். எந்த நிறுவனத்தின் காராயினும், சர்வீஸ் வரலாற்றையும் பிழைக்குறிப்புகளையும் அச்சிட்டுக் கேட்பதில் தவறில்லை.

வங்கியின் மதிப்பீடு யாருக்காக?

இவ்விடத்தில் எங்களைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். “வங்கியின் மதிப்பீட்டாளர் பார்த்துவிட்டார், கடனும் கிடைத்துவிட்டது, ஆகவே வண்டி நன்றாகத்தான் இருக்கும்” என்று பல வாடிக்கையாளர்கள் நம்புகின்றனர். இந்த நம்பிக்கை தவறானது.

மதிப்பீட்டாளர் விடை காணும் கேள்வி வேறு. கடன் நிலுவையில் நின்றால் இந்த வாகனத்தை என்ன விலைக்கு விற்க இயலும் என்பதே அது. எஞ்சின் எண், சேசிஸ் எண், ஆவணங்கள், பொதுவான நிலை, சந்தை விலை ஆகியவற்றை அவர் பார்க்கிறார். டயரைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் அது விலைக் கழிவுக்காகவே. அவர் காரை லிஃப்டில் ஏற்றுவதில்லை; அலைன்மென்ட் எடுப்பதுமில்லை. வங்கியின் மதிப்பீடு கடனுக்கான காப்பு. வாங்குபவருக்கான பரிசோதனை அன்று.

சில ஆண்டுகளுக்கு முன் இதைப் போன்ற ஒரு கடனை ஆவணங்கள் அனைத்தும் சரியாக இருந்ததால் விரைந்து வழங்கினோம். மூன்று மாதங்களுக்குப் பின் அந்த வாடிக்கையாளர் திரும்பி வந்தார். புதிதாகப் போட்ட டயர்களும் அதே விளிம்பில் தேய்ந்திருந்தன. “நீங்கள் பார்த்துத்தானே கொடுத்தீர்கள்?” என்று கேட்டார். விதிப்படி எங்கள் மேல் பிழையில்லை. ஆயினும் அவர் முகத்தைப் பார்த்து அந்த விதியைச் சொல்வது எளிதாக இருக்கவில்லை. அன்றுமுதல் பயன்படுத்திய வாகனக் கடன் கேட்டு வருவோரிடம் இந்த வேறுபாட்டை முதலிலேயே விளக்கிவிடுகிறோம்.

விலைக்குள் இருக்கும் கணக்கு

இனி விலையைப் பார்ப்போம். 68 லட்சம் ரூபாய்க் கார் 54 லட்சத்துக்கு என்றால் 14 லட்சம் சலுகை போலத் தோன்றும். ஆனால் வாகனக் காப்பீட்டில் காரின் மதிப்பைக் கணக்கிட வழக்கமாகப் பின்பற்றப்படும் அட்டவணையில், ஓராண்டைக் கடந்து இரண்டாண்டுக்குள் உள்ள காருக்கு 20 விழுக்காடு கழிவு. 68 லட்சத்தில் 20 விழுக்காடு கழித்தால் 54.40 லட்சம். அதாவது டீலர் கொடுத்தது ஏறத்தாழ வயதுக்கான கழிவு மட்டுமே. கடும் பயன்பாட்டுக்கோ தேய்ந்த டயருக்கோ அதில் எதுவும் கழிக்கப்படவில்லை.

கடன் வட்டியும் கணக்கில் சேர வேண்டும். பயன்படுத்திய வாகனக் கடனுக்கான வட்டி, புதிய வாகனக் கடனைவிடப் பொதுவாகக் கூடுதல். எடுத்துக்காட்டாக, 40 லட்சம் ரூபாயை ஐந்து ஆண்டுகளில் திருப்பிச் செலுத்துவதாகக் கொள்வோம். வட்டி 10 விழுக்காடு எனில் மாதத் தவணை சுமார் 84,990 ரூபாய். 11.5 விழுக்காடு எனில் சுமார் 87,970 ரூபாய். ஐந்து ஆண்டுகளில் வேறுபாடு ஏறத்தாழ 1.79 லட்சம். இவை விளக்கத்துக்கான விகிதங்களே. உங்கள் கடனுக்கான உண்மையான ஆண்டுச் செலவு விகிதம், வங்கி வழங்கும் முக்கியத் தகவல் அறிக்கையில் இருக்கும். 2024 அக்டோபர் 1 முதல் அனைத்துச் சில்லறைக் கடன்களுக்கும் இந்த அறிக்கை கட்டாயம். கையொப்பமிடும் முன் அதைப் படியுங்கள்.

வரியைப் பற்றியும் தெளிவு வேண்டும். பயன்படுத்திய கார்களை விற்கும் பதிவுபெற்ற வணிகர், தம் லாப வித்தியாசத்தின் மீது மட்டும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. செலுத்தும் முறை உண்டு. ஆனால் டெமோ காரை வாங்கியபோது செலுத்திய வரிக்கு டீலர் உள்ளீட்டு வரி வரவு எடுத்திருந்தால் அந்த முறை பொருந்தாது. விலை முழுமைக்கும் வரி உண்டு. ஆகவே ‘54 லட்சம்’ என்பது வரி உட்பட்ட விலையா, வரி நீங்கிய விலையா என்று எழுத்தில் கேளுங்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட கார் விலையில் 1 விழுக்காடு வருமான வரியாக மூலத்தில் வசூலிக்கப்படும். இதை உங்கள் வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். அதற்கு உங்கள் பான் எண் சரியாகப் பதிவாக வேண்டும்.

வேறு மாநிலக் கார் என்றால் சாலை வரி தனிச் செலவு. ஒரு மாநிலத்தில் பதிவான காரைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் மற்றொரு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கு மறுபதிவு செய்ய வேண்டும். புதிய மாநிலத்தில் வரி செலுத்தி, பழைய மாநிலத்தில் மீதிக் காலத்துக்கான வரியைத் திரும்பக் கேட்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் பல லட்சம் ரூபாய் முடங்கும்.

ஆவணங்களில் மறந்துவிடக்கூடாத ஒன்று

டீலர்கள் தங்கள் கார் இருப்பை வங்கிக் கடனில்தான் பெரும்பாலும் வைத்திருப்பார்கள். டெமோ காரும் அவ்வாறு வேறொரு வங்கிக்கு ஈடாக இருக்கலாம். பதிவுச் சான்றிதழில் ஹைப்பாதிகேஷன் குறிப்பு உள்ளதா என்று பாருங்கள். இருந்தால், அந்த வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35ம் இன்றி முழுத்தொகையைக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநிலத்துக்கு எடுத்துச் செல்லப் படிவம் 28. நம் வங்கியின் ஈட்டைப் பதிவு செய்யப் படிவம் 34 ஆகியவை தேவைப்படும்.

உத்தரவாதக் காலம் கார் முதன்முதலில் பதிவான நாளிலிருந்து எண்ணப்படுவதே வழக்கம். நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அன்று. எஞ்சிய மாதங்கள் எத்தனை, நீட்டிக்கப்பட்ட உத்தரவாதம் உங்கள் பெயருக்கு மாறுமா என்பவற்றையும் எழுத்தில் பெறுங்கள். டயரின் தேய்மானம் உத்தரவாதத்துக்குள் வராது.

காப்பீடு எதைத் தாங்கும்?

உரிமை மாறியதும் காப்பீட்டையும் 14 நாள்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். உரிமைக்கோரல் செய்யாத ஆண்டுகளுக்கான போனஸ் காருக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது. டீலரின் போனஸ் உங்களுக்கு வராது. உங்கள் பழைய காரில் நீங்கள் ஈட்டிய போனஸை இதற்கு மாற்றிக்கொள்ளலாம்.

வழக்கமான பாலிசியில், காரின் பிற பகுதிகளுக்குச் சேதம் நேராமல் டயர் மட்டும் சேதமுற்றால் இழப்பீடு இல்லை. காருடன் சேர்ந்து சேதமுற்றாலும் டயரின் விலையில் பாதிதான் கிடைக்கும். தேய்மானத்துக்கு எப்போதும் இழப்பீடு இல்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. “காப்பீட்டில் எந்த உரிமைக்கோரலும் இல்லை, ஆகவே கார் அடிபடவில்லை” என்பது விற்பவர்கள் அடிக்கடி கூறும் வாதம். ஆனால் பந்தயம், வேகச் சோதனை, வாகன வணிகத்தின் தேவை ஆகியவற்றுக்குப் பயன்படுத்தும்போது நேரும் சேதத்தை வழக்கமான தனியார் கார் பாலிசி ஏற்பதில்லை. மேலும் சொந்தப் பணிமனை வைத்திருக்கும் டீலர், சிறு சேதத்துக்குக் காப்பீட்டை நாடவேண்டிய தேவையும் இல்லை. உரிமைக்கோரல் இல்லாமை ஒரு தகவல் மட்டுமே; சான்று அன்று.

பார்த்த குறைக்குப் பின்னால் வழக்கில்லை

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்குத் தரம் பற்றிய உட்கிடை உறுதி பொருந்தாது என்கிறது. தேய்ந்த டயர் கண்ணுக்குத் தெரியும் குறை. அதைப் பார்த்தும் பேசாமல் வாங்கினால் பின்னர் முறையிடுவது கடினம்.

காரைத் தயாரித்த நிறுவனத்தைச் சாரலாம் என்ற எண்ணத்துக்கும் எல்லை உண்டு. பழைய மாடலும் ஏற்கெனவே ஓடியதுமான காரைப் புதியதாகக் கொடுத்த ஒரு டீலர் தொடர்பான வழக்கில், டீலரின் தவறுக்கு, தயாரிப்பாளருக்கு அதில் பங்கோ அறிவோ இருந்ததாக நிறுவப்படாத நிலையில், தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. ஆகவே உங்களுக்கு உறுதி தரவேண்டியவர் டீலர். அந்த உறுதி எழுத்தில் இருக்க வேண்டும். சிக்கல் எழுந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். செலுத்திய விலை 50 லட்சம் வரை எனில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும், அதற்கு மேல் 2 கோடி வரை எனில் மாநில ஆணையத்தையும் அணுகலாம்.

அந்தக் கார் என்னவாயிற்று?

எங்கள் வாடிக்கையாளர் சற்று மனத்தாங்கலுடன்தான் அன்று சென்றார். ஆயினும் அந்த வார இறுதியில் மும்பைக்குச் சென்று, வேறொரு பணிமனையில் காரை லிஃப்டில் ஏற்றினார். முன்டயர்கள் இரண்டும் ஏறத்தாழ ஒத்திருந்தன. வலப்பக்கப் பின்டயரில் உள்விளிம்பு 3.6, நடு 4.4, வெளிவிளிம்பு 4.6 மி.மீ. இயல்பான ஸ்போர்ட்ஸ் கார் தேய்மானம். இடப்பக்கப் பின்டயரில் உள்விளிம்பு 1.4, நடு 3.9, வெளிவிளிம்பு 4.8 மி.மீ.

அலைன்மென்ட் அறிக்கையில் இடப்பக்கப் பின்சக்கரத்தின் கேம்பரும் டோவும் எல்லைக்கு வெளியே இருந்தன. திருகிச் சரிசெய்ய முயன்றபோது, அதற்கு இனி இடமில்லை என்பது தெரிந்தது. சஸ்பென்ஷன் கை ஒன்று வளைந்திருந்தது. ரிம்மின் உட்புற விளிம்பிலும் நெளிவு இருந்தது.

அறிக்கையை முன்வைத்தபோது டீலரின் விற்பனையாளர் முதலில் டயருக்காக 50,000 ரூபாய் குறைப்பதாகக் கூறினார். வாடிக்கையாளர் மேலாளரைச் சந்தித்துச் சர்வீஸ் வரலாற்றைக் கேட்டார். சில மாதங்களுக்கு முன் ஓர் ஓட்டிக்காட்டலின்போது கார் நடைபாதை விளிம்பில் மோதியது அப்போதுதான் வெளிவந்தது. சஸ்பென்ஷன் கையும் ரிம்மும் டீலரின் செலவில் மாற்றப்பட்டன; இரண்டு பின்டயர்களும் புதிதாகப் போடப்பட்டன. மோதலும் அதற்கான பழுதுநீக்கமும் விற்பனை ரசீதுடன் எழுத்தில் இணைக்கப்பட்டன. மாத இறுதி கடந்து மூன்று வாரங்கள் ஆயிற்று. ‘மாத இறுதிக்குள் மட்டும்’ என்ற அந்த விலை அப்படியேதான் இருந்தது.

அதன் பின்னரே நாங்கள் கடன்தொகையை விடுவித்தோம். அவர் திட்டமிட்டபடியே ஓட்டிவந்தார். ஏறத்தாழ 1,000 கி.மீ. பயணத்தின் பெரும்பகுதி மழை. தேங்கிய நீரை ஒதுக்கித் தள்ளிச் சாலையைப் பற்றிக்கொள்வது டயரின் பட்டன்தான். 1.4 மி.மீ. விளிம்புடனும் வளைந்த சஸ்பென்ஷனுடனும் அதே சாலையில் வந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. ஊர் வந்து சேர்ந்ததும் கிளைக்கு வந்து, அந்தப் பன்னிரண்டு எண்கள் எழுதிய தாளின் நகலைக் கடன் கோப்பில் வைக்கச் சொன்னார். அது இன்றும் அங்கே இருக்கிறது.

பணம் கொடுக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

1. நான்கு டயர்களின் பன்னிரண்டு பட்டன் அளவுகளும், தயாரிப்பு வார எண்களும்.
2. டீலரைச் சாராத பணிமனையின் அலைன்மென்ட் அறிக்கை.
3. முழுமையான சர்வீஸ் வரலாறும், மோதல், பழுதுநீக்கம் பற்றிய டீலரின் எழுத்து உறுதியும்.
4. பதிவுச் சான்றிதழ், ஹைப்பாதிகேஷன் நிலை, தேவையான தடையில்லாச் சான்றுகள்.
5. வரி உட்பட்ட விலை, எஞ்சிய உத்தரவாதக் காலம், காப்பீட்டு மாற்றம் ஆகியவற்றின் எழுத்து விவரம்.
6. வங்கியின் முக்கியத் தகவல் அறிக்கை.

இவற்றுள் எதையேனும் தர டீலர் மறுத்தால், அந்த மறுப்பையே விடையாகக் கொள்ளலாம். கடன் விண்ணப்பத்தைச் சில வாரம் நிறுத்திவைப்பதால் வாடிக்கையாளருக்கு எந்த இழப்பும் இல்லை. ஐயம் தோன்றினால் கையொப்பமிடும் முன்பே உங்கள் கிளையின் கடன் அலுவலரிடம் கூறுங்கள். காத்திருக்க நாங்கள் அணியமாக இருக்கிறோம்.